சளி பிடித்த பாட்டுகள்

தெருவில் எல்லோரும் அவரை மருந்துக்காரர் என்றுதான் சொல்வார்கள். கடை அவருடையது இல்லை. முதலாளி எப்போதாவது வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார், அவ்வளவுதான். மீசை சரியாக முளைக்காத வயதில் அந்தக் கண்ணாடி மேஜைக்குப் பின்னால் போய் நின்றவர், முட்டி தேய்ந்து ஓய்வு வாங்கும்வரை அங்கேயேதான் நின்றார். எந்த வீட்டில் யாருக்கு என்ன வியாதி என்பது அவருக்கு அத்துப்படி. வெளியே மூச்சு விடமாட்டார்.

அவரிடம் இரண்டு வகை வைத்தியம் இருந்தது. ஒன்று, டாக்டர் எழுதிக் கொடுக்கிற சீட்டுப்படி. இன்னொன்று, கேசட்.

"தூக்கம் வரலையா? எடுத்த எடுப்புல மாத்திரை வேண்டாம்மா. நாளைக்கு ஒரு கேசட் கொண்டு வரேன். படுக்கும்போது சத்தம் கம்மியா வச்சு விடுங்க."

மறுநாள் சொன்னபடி கேசட் வந்துவிடும். மருந்துப் பாட்டிலில் ஒட்டுகிற லேபிள்தான் கேசட்டிலும் ஒட்டியிருக்கும். மற்றவர்கள் பாடகர் பெயரையோ படத்தின் பெயரையோ எழுதுவார்கள். இவர் எழுதுவது 'தூக்கத்துக்கு', 'மனசு சரியில்லாதபோது', 'காய்ச்சல் விட்ட மறுநாள்', 'யாரோடும் பேசப் பிடிக்காதபோது' என்று. காசு வாங்கமாட்டார். திருப்பியும் கேட்கமாட்டார். வாங்கிப் போனவர்கள் இரண்டு நாள் கழித்து வந்து, "அருமையாத் தூங்கினேன் அண்ணே" என்று சொன்னால் போதும், அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது கால் தரையில் பாவாது. "நம்ம கை பட்டதும்மா அது" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் சட்டையைக் கழற்றுவார்.

அந்தக் கேசட்டுகளெல்லாம் ஒரே மெஷினில் பிறந்தவை. கப்பலில் வேலை பார்த்த மைத்துனர், அதாவது மனைவியின் அண்ணன், கல்யாணமான வருஷம் கொண்டுவந்து கொடுத்த டேப் ரெக்கார்டர். இரண்டு கேசட் போடலாம், வெள்ளி நிறத்தில் குமிழ்கள், பார்க்கவே கம்பீரமாக இருக்கும். ரேடியோவில் நல்ல பாட்டு வந்தால் பதிவார். தெரிந்தவர் வீட்டு இசைத்தட்டுகளை இரவல் வாங்கி வந்தும் பதிவார். கடையிலிருந்து கொண்டுவந்த ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு, வாராவாரம் அதன் உள்பக்கத்தைத் துடைப்பார். வேறு யாரும் அதன் மேல் தூசிகூடத் தட்டக் கூடாது.

பாட்டு விஷயத்தில் அவருக்குத் தீராத குறை இரண்டு இருந்தது. முதலாவது, வெற்றுக் கேசட் விற்கிறவர்கள் திருடர்கள். "அறுபது நிமிஷம்னு அட்டையில போட்டுட்டு, உள்ளே நாடாவைக் குறைச்சு வைக்கிறான். கடைசிப் பாட்டு பாதியில அறுந்து நிக்குது" என்று கடைக்காரர்களிடம் போய்ச் சண்டை போடுவார். இரண்டாவது, கம்பெனிகள் பதிந்து விற்கிற கேசட்டுகள். "எல்லாம் அவசரத்துல ஓடுது. ரேடியோல கேட்ட பாட்டும் இதுவும் ஒண்ணா? பாடுறவங்க பஸ்ஸைப் பிடிக்கப் போற மாதிரி பாடுறாங்க. நாடாவை மிச்சம் பிடிக்க வேகத்தைக் கூட்டிடறானுங்க."

இதையே அவர் பதிவுக்கடைக்காரரைப் பற்றியும் சொன்னார். நாலு தெரு தள்ளி, கேட்கிற பாட்டைக் கேசட்டில் பதிந்து கொடுக்கிற கடை ஒன்று இருந்தது. அதை நடத்தியவர் இவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர். ஒருநாள் அவர் அன்பாகக் கொடுத்த கேசட்டை வீட்டில் போட்டுப் பார்த்துவிட்டு, கடையில் வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே, "ஏண்டா, கூட ரெண்டு பாட்டைத் திணிக்கறதுக்காக வேகத்தைக் கூட்டியா பதியறே? வெட்கமா இல்ல?" என்று கேட்டுவிட்டார். அதோடு பேச்சு நின்றது. இருபது வருஷத்துக்கு மேல் ஒருவர் வருகிற பக்கம் மற்றவர் போவதில்லை.

மனைவிக்கும் ஒரு பாடகியைப் பிடிக்கும். அப்போது அவள் புதுசு. ரேடியோவில் அவள் பாட்டு வராது, கம்பெனிக் கேசட்டில் மட்டும்தான். மனைவி ஆசையாக ஒன்று வாங்கி வந்து போட்டாள். மருந்துக்காரர் ஒரு பாட்டு முடியும்வரை கூடப் பொறுக்கவில்லை. "இது பாட்டா? எலி வாலை மிதிச்ச மாதிரி கீச்சுக் கீச்சுன்னு... எடும்மா அதை, மெஷின் கெட்டுப் போயிடும்." அவள் எடுத்து வைத்தாள். அப்புறம் போடவில்லை. அவரும் அதைப் பற்றி அப்புறம் நினைக்கவில்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்த மெஷின் அவர் ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் நின்றுபோனது. திறந்து பார்த்தால் உள்ளே இருந்த ரப்பர் பெல்ட் உருகித் தார் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. ரிப்பேர்காரர் கையை விரித்துவிட்டார். மெஷின் போனால் போகிறது, சிரப் பாட்டில் வந்த அட்டைப் பெட்டிகளில் அலமாரி மேல் வரைக்கும் அடுக்கியிருக்கிற கேசட்டுகளை என்ன செய்வது? வெளியூரில் இருக்கும் மகள்தான் போனில் வழி சொன்னாள். "கம்ப்யூட்டர்ல ஏத்திடலாம்பா. நம்ம தெருமுனை ஸ்டுடியோல பண்ணுவாங்க." சொல்லிவிட்டு ஏனோ கொஞ்சம் தயங்கினாள். "ஆனா அப்பா, பழைய கேசட் இல்லையா, கொஞ்சம் முன்னப் பின்னத்தான் இருக்கும்" என்றாள்.

ஸ்டுடியோக்காரம்மா நடுத்தர வயசுக்காரி. பாஸ்போர்ட் போட்டோ எடுப்பாள், பழைய கல்யாண வீடியோக்களைப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுப்பாள். கணவர் படுத்த படுக்கையான பிறகு கடையைத் தனியாளாக நடத்துகிறவள். பேச்சு கறாராக இருக்கும், வேலை சுத்தமாக இருக்கும். பெட்டிகளைப் பார்த்ததும், "எல்லாத்தையும் ஒரே நாள்ல கேக்காதீங்க சார். ஒரு கேசட் ஓடுற நேரம் ஓடித்தான் ஆகணும்" என்றாள். லேபிளைப் படித்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "பாட்டு பேர் எங்கே சார்? 'தலைவலிக்கு'ன்னு போட்டிருக்கு?"

"அப்படியே போடும்மா. எனக்கு அப்படித்தான் தேடத் தெரியும்."

முதல் பெட்டி முடிந்து பென்டிரைவ் கைக்கு வந்த அன்று மருந்துக்காரர் மத்தியானச் சாப்பாட்டைக்கூட அவசரமாக முடித்தார். மகள் அனுப்பியிருந்த சின்ன ஸ்பீக்கரை மேஜையில் வைத்துப் பென்டிரைவைச் செருகினார். எதிரே மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். "கேளு, இப்போ கேளு" என்று சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினார்.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

தந்தியை யாரோ தளர்த்திவிட்ட மாதிரி வீணை தொய்ந்து வந்தது. தபலா வாசிக்கிறவர் அடிக்கு அடி யோசித்து யோசித்துத் தட்டினார். பிறகு குரல் வந்தது. மனப்பாடமாகத் தெரிந்த குரல், தேன் மாதிரி இறங்குகிற குரல், இப்போது கனத்து, கம்மி, கட்டிக்கொண்டு, நாலு நாள் சளி பிடித்துப் படுத்திருந்து எழுந்து வந்து பாடுகிற மாதிரி இழுத்தது. அடுத்த பாட்டைப் போட்டார். அதுவும் அப்படித்தான். அதற்கடுத்து ஒரு பெண் பாடுவாள். பெண்ணா, பெண்ணின் தாய்மாமனா என்று சந்தேகம் வந்துவிட்டது.

"பாத்தியா? நாசம் பண்ணிட்டா! மொத்தத்தையும் நாசம் பண்ணிட்டா!"

மனைவி தலையைத் தூக்கவில்லை. பீன்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நிதானமாப் போய்க் கேளுங்க" என்று மட்டும் சொன்னாள்.

நிதானத்துக்கு அவர் எங்கே போவார்? சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு கிளம்பினார். கிளம்பும்போது அலமாரியைக் குடைந்து, மனைவியின் அந்தப் பழைய கம்பெனிக் கேசட்டை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஸ்டுடியோக்காரியை மடக்க அவரிடம் ஒரு யோசனை இருந்தது.

"ஏம்மா, உன் மெஷின் சோம்பேறி மெஷினா? என் பாட்டெல்லாம் இழுக்குது!"

ஸ்டுடியோக்காரம்மா யாரோ ஒருவருக்குப் போட்டோ வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "இழுக்குதுன்னு எனக்கும் தோணுச்சு சார். நீங்க சோகப் பாட்டாப் பாத்துச் சேர்த்து வச்சிருக்கீங்கன்னு நினைச்சேன்."

"சோகப் பாட்டா! அதுல பாதி கல்யாணப் பாட்டும்மா!"

வந்தவர் போட்டோவை வாங்கிக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டார், வேடிக்கை பார்க்க.

மருந்துக்காரர் சட்டைப்பையிலிருந்து கேசட்டை எடுத்து மேஜையில் வைத்தார். "இது கம்பெனிக் கேசட். பிறவியிலேயே அவசரக் கேசட். எலி கத்துற மாதிரி இருக்கும். இதைப் போடு. உன் மெஷின்ல இதுகூட நிதானமா வந்துச்சுன்னு வை, தப்பு உன் மெஷின் மேலதான். சரியா?"

"சரி சார்" என்று அவள் போட்டாள்.

பாட்டு நிதானமாகத்தான் வந்தது.

"பாத்தியா!" என்று மேஜையைத் தட்டினார் மருந்துக்காரர். வாசலில் நின்றவரைப் பார்த்து, "பாத்தீங்களா சார்?" என்றும் கேட்டுக்கொண்டார்.

ஸ்டுடியோக்காரம்மா உள்ளே போய் இன்னொரு டேப்பைத் தூக்கி வந்தாள். யாரோ ரிப்பேருக்குக் கொடுத்தது. அதில் அதே கேசட்டைப் போட்டாள். அதே நிதானம். மேலே பரணிலிருந்து இன்னொன்றை இறக்கித் தூசி தட்டிப் போட்டாள். அதிலும் அதே நிதானம். கடைசியாகத் தன் போனை எடுத்து அதே பாட்டைத் தேடி, கேசட்டோடு சேர்த்து ஓடவிட்டாள். ஒரே குரல் இரண்டு இடத்திலிருந்து வருவதுபோல இரண்டும் கைகோத்துப் போயின. அப்புறம் அவருடைய கேசட் ஒன்றைப் போட்டு, அதிலிருந்த பாட்டையும் போனில் தேடி ஓடவிட்டாள். போன் பாட்டு முதல் சரணத்தை முடித்துவிட்டது. கேசட் இன்னும் சரணத்தின் பாதியிலேயே முக்கிக்கொண்டிருந்தது.

"மூணு மெஷினும் சோம்பேறி, போனும் சோம்பேறியா சார்?" அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவருக்குக் கலக்கமாக இருந்தது. "உங்க மெஷின்தான் வேகமா ஓடியிருக்கு. வேகமா ஓடுற மெஷின்ல பதிஞ்சதை அதே மெஷின்ல கேட்டா ஒண்ணும் தெரியாது, சரியாத்தான் இருக்கும். வேற எதுல போட்டாலும் இழுக்கும். அடுத்தவங்க கேசட்டை உங்க மெஷின்ல போட்டா, அது பறக்கும்."

மருந்துக்காரர் போட்டோ எடுக்க உட்காரவைக்கிற ஸ்டூலில் போய் உட்கார்ந்துவிட்டார். அறுபது நிமிஷக் கேசட்டில் நாடா ஏன் குறைந்தது என்று புரிந்தது. கம்பெனிக்காரர்கள் ஏன் அவசரப்பட்டார்கள் என்று புரிந்தது.

இத்தனைக்கும் நடுவில் அந்தக் கம்பெனிக் கேசட்டை அவள் மறுபடி ஓடவிட்டிருந்தாள். யாரும் நிறுத்தவில்லை. எலி என்று அவர் சொன்ன அந்தப் பெண் பாடிக்கொண்டிருந்தாள்.

அது எலி இல்லை. ஆழமான குரல், ஈரமான குரல். ஒவ்வொரு சொல்லையும் உள்ளங்கையில் வைத்துக் கொடுக்கிற மாதிரி அவள் பாடினாள். சரணத்தின் கடைசியில் ஒரு இடத்தில் மூச்சை நிறுத்திவிட்டு, அவசரமே இல்லாமல் அடுத்த வரிக்குள் இறங்கினாள். மருந்துக்காரருக்குக் கை ரோமம் சிலிர்த்தது. இந்தக் கேசட் அவர் வீட்டு அலமாரியில், கையெட்டும் தூரத்தில், இத்தனை வருஷமாக இருந்திருக்கிறது.

"தண்ணி வேணுமா சார்?" என்றாள் ஸ்டுடியோக்காரம்மா.

வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, அந்தக் கேசட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். வீடு வரைக்குமான அந்தச் சின்ன தூரத்துக்குள் அவர் கண்ணில் படாத முகம் இல்லை. தையல்காரர், வங்கிக் காசாளர், பிரசவத்துக்குப் பிறகு அழுதுகொண்டே இருந்த அந்தப் பெண், கணக்கு டீச்சர், முதலாளி, முதலாளியின் மாமியார். எல்லோர் வீட்டுக்கும் சளி பிடித்த பாட்டைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார், அதுவும் மருந்து என்று சொல்லி. ஒருத்தர், ஒரே ஒருத்தர்கூட வாய் திறக்கவில்லையே!

வீட்டில் மனைவி பீன்ஸை நறுக்கி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்தவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"நம்ம மெஷின்தான் வேகமா ஓடிச்சாம்" என்றார்.

"ம்."

அந்த 'ம்'மில் ஆச்சரியம் துளியும் இல்லை. மருந்துக்காரர் தலையைத் தூக்கினார். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்போ இருந்து?"

"பெரியவன் பிறந்தப்போ நம்ம பொண்ணுக்குத் துணையாப் போய் இருந்தேன் இல்ல, அப்போ இருந்து. நீங்க கொடுத்து விட்ட கேசட்டை அவ வீட்டு டேப்புல போட்டா. நாங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டோம்."

அந்தப் பெரியவன், மகளின் மூத்த பிள்ளை, இப்போது காலேஜில் படிக்கிறான்.

"ஏன் சொல்லல? ஏம்மா ஒரு வார்த்தை சொல்லல?"

"எப்படிச் சொல்றது? மெஷின் எங்க அண்ணன் கொண்டு வந்தது. ஓட்டை மெஷினைத் தலையில கட்டிட்டான் உன் அண்ணன்னு ஆரம்பிப்பீங்க. அவனும் அப்போதான் வேலை போய் நொந்து கிடந்தான். சரி, அப்புறமா சொல்லிக்கலாம்னு விட்டேன். அப்புறம் ரொம்ப அப்புறமாப் போச்சு." அவள் துண்டை மடித்து மேஜையில் வைத்தாள். "நீங்களும் ஊரெல்லாம் கொடுத்துட்டு அவ்வளவு சந்தோஷமா வருவீங்க."

மருந்துக்காரர் சட்டைப்பையிலிருந்து அந்தக் கேசட்டை எடுத்து மேஜையில் வைத்தார். "இவ... இவ இப்படிப் பாடுவான்னு எனக்குத் தெரியாதும்மா."

மனைவி கேசட்டைப் பார்த்தாள். முகத்தில் என்னவோ வந்து போனது.

"நல்லா இருந்துச்சா?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"நான் எதுக்கு வாராவாரம் எங்க அக்கா வீட்டுக்குப் போனேன்னு நினைச்சீங்க? அக்காவுக்கும் எனக்கும் பேச அவ்வளவு என்ன இருக்கு? அங்கதான் இவ பாட்டு ஓடும். ரெண்டு பக்கமும் கேட்டுட்டு, பஸ் ஏறி வந்து உலை வைப்பேன்."

இத்தனை வருஷம் அக்கா தங்கை பாசம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தது இதைத்தான்.

மகளுக்குப் போன் போட்டார். "ஏம்மா, நான் வரும்போதெல்லாம் உங்க வீட்டு டேப் ரிப்பேர்னு சொல்வியே..." என்று அவர் ஆரம்பித்ததுமே, "கண்டுபிடிச்சிட்டீங்களாப்பா?" என்று மெல்லக் கேட்டாள். கேட்டவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்துக் கடைசியில் மூக்கை உறிஞ்சினாள். "என் பசங்க அந்தப் பாட்டெல்லாம் அப்படித்தான்னு நினைச்சு வளர்ந்தாங்கப்பா. சின்னவன் ஒரு தடவை டிவில நிஜப் பாட்டைக் கேட்டுட்டு, தாத்தா பாட்டை யாரோ வேகமாப் பாடிக் கெடுத்துட்டாங்கன்னு அழுதான்."

மறுநாள் காலையில் அவர் பதிவுக்கடைக்காரரைத் தேடிப் போனார். போகாமல் இருக்க முடியவில்லை. நாலு பேர் முன்னால் ஒரு மனுஷனை 'வெட்கமா இல்ல?' என்று கேட்டது இரவு முழுக்க நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. கடை இப்போது போன் உறை விற்கிற கடையாக மாறியிருந்தது. மருமகள் பார்த்துக்கொள்கிறாள். பதிவுக்கடைக்காரர் ஓரமாக ஒரு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வயிறு பெருத்திருந்தது. மற்றபடி அதே ஆள்.

மருந்துக்காரர் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினார். "என் மெஷின்தான் தப்புடா. உன் பேர்ல ஒரு குத்தமும் இல்ல. உன் பொழப்பைக் கெடுத்துட்டேன். மன்னிச்சிடு."

பதிவுக்கடைக்காரர் பேப்பரை மடித்தார். கண்ணாடியைக் கழற்றினார். தோளெல்லாம் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் மருந்துக்காரர் நினைத்தார். பார்த்தால், சிரிப்பு.

"உக்காருடா முதல்ல. பொழப்பைக் கெடுத்தியா? நீ இல்லைன்னா எனக்குப் பொழப்பே இல்லடா!"

"என்னடா சொல்றே?"

"உன் மெஷின் வேகமா ஓடுதுன்னு எனக்கு அப்பவே தெரியும். நீ இலவசமாக் கேசட் கொடுப்பே. வாங்கினவன் வீட்டுக்குப் போய்ப் போடுவான். பாட்டு நல்ல பாட்டு, நீ பொறுக்கி எடுக்கிறதுல ஆளு கெட்டிக்காரன். ஆனா குரல் குழறும். அவன் நேரா என்கிட்ட வருவான். 'மருந்துக்காரர் கொடுத்தார், இதே பாட்டையெல்லாம் ஒழுங்காப் பதிஞ்சு கொடுங்க'ன்னு கேட்பான். தெருத் தெருவா நீ எனக்கு ஆள் பிடிச்சு அனுப்பினே. இந்தக் கடையைச் சொந்தமா வாங்கினதே உன் புண்ணியத்துலதான்."

மருந்துக்காரருக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. பக்கத்தில் இருந்த ஸ்டூலைக் கையால் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். "அப்போ... அருமையாத் தூங்கினேன்னு சொன்னாங்களே..."

"தூங்காம? அந்த வேகத்துல தாலாட்டு தேவையா? ரோட்டுல போறவனுக்கே கண்ணு சொக்கும்."

"தெரிஞ்சும் ஏண்டா சொல்லல? ஒரு திருகைத் திருப்பினா சரியாப் போற விஷயம்!"

"எனக்கு என்ன பைத்தியமா?"

"சரி, என்னோட பேசாம ஏன் இருந்தே? இருபது வருஷம்டா!"

"உன்னைப் பாத்தா சிரிச்சிடுவேன். சிரிச்சா நீ விடமாட்டே, ஏன்னு கேட்டுக் குடைஞ்சிடுவே." சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் அடங்கினார். மருமகளைப் பார்த்து டீ சொல்லச் சொன்னார். "முதல்ல கோபம்தான். அப்புறம் வியாபாரம். அதுக்கப்புறம் என்னன்னு தெரியல. பழகிடுச்சு."

மருந்துக்காரர் எழுந்து போய்விடத்தான் நினைத்தார். கோபத்தில் காது மடல் சிவந்துவிட்டது. மன்னிப்புக் கேட்க வந்தவனை ஏமாளியாக்கி உட்கார வைத்தால் யாருக்குத்தான் வராது? ஆனால் டீ வந்துவிட்டது. டீயைக் குடித்துக்கொண்டிருக்கும்போது, தன்னையறியாமல், "அந்த வங்கிக் காசாளர்கூடவா வந்தாரு?" என்று கேட்டார். "முதல் ஆளே அவர்தான்" என்றார் நண்பர். மருந்துக்காரருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கில் ஏறிய டீயோடு இருமி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

அன்றே இருவரும் ஸ்டுடியோவுக்குப் போனார்கள். இழுக்கிற பாட்டைக் கம்ப்யூட்டரில் வேகம் கூட்டிச் சரிசெய்யலாம் என்று ஸ்டுடியோக்காரம்மா சொன்னாள். "எவ்வளவு கூட்டணும்னு யாராவது பக்கத்துல உக்காந்து சொன்னா வேலை சுலபம் சார்." பதிவுக்கடைக்காரருக்குக் காது இன்னும் கூர்மையாகவே இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம்... கொஞ்சம்... போதும், நிறுத்தும்மா" என்பார். போனில் தேடிச் சரிபார்த்தால் அச்சாகப் பொருந்தும். பேர் வைப்பதில்தான் தகராறு. பாடகர் பேரில் அடுக்க வேண்டும் என்பார் அவர். வியாதி பேரில்தான் அடுக்க வேண்டும் என்பார் இவர். ஸ்டுடியோக்காரம்மா இரண்டு பேரையும் அதட்டி, இரண்டு விதமாகவும் தேடுகிற மாதிரி செய்து வைத்தாள்.

வேலை பாதி நடந்துகொண்டிருக்கும்போது கணக்கு டீச்சர் ஸ்டுடியோவுக்கே வந்துவிட்டார். கையில் ஒரு கேசட், லேபிள் எழுத்து மங்கிப் போயிருந்தது. கணவர் இறந்த வருஷம் மருந்துக்காரர் கொடுத்தது. அவரைப் பார்த்ததும் மருந்துக்காரர் எழுந்து நின்றார், திட்டு வாங்கத் தயாராக.

"பாட்டோட வேகத்தையெல்லாம் மாத்தறீங்களாமே, கேள்விப்பட்டேன்."

"ஆமா டீச்சர். இவ்வளவு நாள் தப்பாக் கொடுத்துட்டேன். உங்களுக்கு நல்லதாவே..."

"இதைத் தொடாதீங்க" என்றார் டீச்சர். "என்னோட டேப் நின்னு போச்சு. இப்படியே, இந்த வேகத்துலயே, எனக்கு ஏத்திக் கொடுங்க. இதே பாட்டைச் சரியான வேகத்துல பஸ்ல கேட்டேன். யாரோ பாடுற மாதிரி இருந்தது."

மருந்துக்காரர் ஸ்டுடியோக்காரம்மாவைப் பார்த்தார். அவள் எதுவும் கேட்காமல் கேசட்டை வாங்கி மெஷினில் போட்டாள். கனத்த குரல் மெதுவாக அறையில் இறங்கியது. டீச்சர் ஸ்டூலில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார். மருந்துக்காரர் அந்தப் பாட்டை அந்த வேகத்தில் முழுசாகக் கேட்டது அன்றுதான்.

மனைவி யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஒருநாள் தானே ஸ்டுடியோவுக்குப் போய், அந்தப் பாடகியின் பாட்டுகளை மட்டும் தனியாக ஒரு பென்டிரைவில் வாங்கி வந்தாள். மத்தியானம் சமையலறையில் அது ஓடும். முதல் சில நாள் மருந்துக்காரர் கதவருகே வந்து நின்று கேட்பார். அவள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பாள். ஒருநாள் உள்ளேயிருந்து குரல் வந்தது. "நிக்கறதுக்கு வெங்காயமாவது உரிக்கலாம் இல்ல." அதிலிருந்து வெங்காயம் அவர் வேலை.

ஆனாலும் ஒரு விஷயத்தில் மனிதர் மாறித்தான் போனார். முன்பெல்லாம் கேசட்டைக் கொடுத்துவிட்டுப் பாராட்டுக்குக் காத்திருந்தவர், இப்போது பென்டிரைவைக் கொடுத்துவிட்டு விடாமல் துரத்துகிறார். "நிஜமாச் சொல்லுங்க, சரியா ஓடுதா? எனக்காகச் சொல்லாதீங்க." தையல்காரர் அவரைக் கண்டால் சந்துக்குள் திரும்பிவிடுகிறார் என்று கேள்வி. மகளுக்கும் ஒரு பென்டிரைவ் அனுப்பி வைத்தார். அவள் போன் பண்ணினாள்.

"கேட்டேன்பா. ரொம்ப நல்லா வந்திருக்கு."

"நிஜமாவா?"

"நிஜமாப்பா."

"நீ சும்மா இரு. உன் வீட்டுக்காரரைக் கூப்பிடு."

மருமகன் போனை வாங்கினார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் இந்தப் பக்கம் மனைவியும் கேட்டுக்கொண்டிருந்தாள். "நல்லா இருக்கு மாமா" என்றார் மருமகன் மரியாதையாக. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "தப்பா நினைக்கலைன்னா ஒண்ணு சொல்லலாமா?"

மருந்துக்காரர் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். "சொல்லுங்க மாப்பிள்ளை" என்றார், "தாராளமாச் சொல்லுங்க."